சிகாகோவிலிருந்து மதுரைக்கு: பொங்கல் வாரத்தில் வந்து சேர்ந்த ஒரு மாணவர் குழு
நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் உள்ள ஒரு சிறு கல்லூரி, ஜனவரி மாதத்தை மூன்று வாரத் தனிப் பருவமாக நடத்துகிறது. அந்தப் பருவத்தில் 16 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் மதுரைக்கு அருகே உள்ள ஒரு கல்லூரிக்கு வருவதாக ஏற்பாடு. பாடம் தென் தமிழக வேளாண் வாழ்க்கை. அதன் மையம், பொங்கலை ஒரு கிராமத்தில் குடும்பங்களோடு தங்கிப் பார்ப்பது. அந்த ஆண்டு பொங்கல் ஜனவரி 15ஆம் தேதி.

பயணச்சீட்டை அமெரிக்கக் கல்லூரி ஆறு மாதங்களுக்கு முன்பே எடுத்துவிட்டது. 9ஆம் தேதி மாலை 5.45க்கு சிகாகோ, 10ஆம் தேதி காலை 9.15க்கு ஃபிராங்க்ஃபர்ட், 10.55க்கு அடுத்த விமானம், 11ஆம் தேதி நள்ளிரவு 12.55க்குச் சென்னை. விமான நிலையத்துக்கு அருகே பல்லாவரத்தில் ஓர் இரவு தங்கிவிட்டு, காலை 9 மணிக்குப் பேருந்தில் கிளம்பி, மாலை ஐந்தரைக்குள் மதுரை. கல்லூரி வாசலிலிருந்து சிகாகோ விமான நிலையத்துக்கே நாலு மணி நேரப் பேருந்துப் பயணம். சென்னையில் தங்கும் இரவையும் சேர்த்தால் வாசலிலிருந்து வாசல்வரை ஏறத்தாழ 42 மணி நேரம். இதற்கு மேல் இந்தியாவுக்கும் அமெரிக்காவின் அந்தப் பகுதிக்கும் குளிர்காலத்தில் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். இரவு பகலாகிவிடும்.

திட்டத்தில் இரண்டு இடங்கள் மெலிந்திருந்தன. ஒன்று எல்லோர் கண்ணிலும் பட்டது: பதினெட்டுப் பேருக்கு ஃபிராங்க்ஃபர்ட்டில் 1 மணி 40 நிமிட இடைவெளி, அதுவும் சிகாகோவில் பனிப்புயல் அடிக்கும் மாதத்தில். இரண்டாவதை யாரும் எழுதி வைக்கவில்லை. 12, 13 தேதிகளில் சென்னையிலிருந்து தெற்கே போகும் சாலை எப்படி இருக்கும் என்பது வரவேற்கும் கல்லூரியில் காவலாளி முதல் முதல்வர் வரை எல்லோருக்கும் தெரியும். பயணச்சீட்டு எடுத்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கேட்கவில்லை, இவர்கள் சொல்லவில்லை. ஒரு நாள் தாமதமானால் என்ன ஆகும் என்ற கேள்வியே இரு பக்கமும் எழவில்லை.

புறப்படும் முன் சரிபார்த்தவை

விசா வேலை ஒழுங்காக நடந்தது. எல்லோருக்கும் 30 நாள் ஈ-சுற்றுலா விசா. இந்த வகையில் முறையான பாடத்திட்டமும் தகுதிச் சான்றிதழும் கூடாது என்பதால், அழைப்புக் கடிதத்தில் ‘ஆராய்ச்சி’, ‘பயிற்சிச் சான்றிதழ்’ போன்ற சொற்கள் வராமல் பார்த்துக்கொண்டார்கள். மதிப்பெண்ணை அவர்களின் சொந்தக் கல்லூரிதான் கொடுக்கிறது. அனுமதித் தாள்களை மதுரையில் ஒருவர் பாஸ்போர்ட் நகல்களோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். இரண்டு பிழைகள் அகப்பட்டன: ஒருவருக்கு பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கம் தப்பு, இன்னொருவர் விண்ணப்பித்த பிறகு பாஸ்போர்ட்டையே புதுப்பித்திருந்தார். இரண்டுமே சிகாகோவில் விமானம் ஏறும் முன்பே நிறுத்திவிடக்கூடிய பிழைகள். ஒன்பது நாள் இருந்ததால் புதிதாக விண்ணப்பித்து வாங்கிவிட முடிந்தது.

இந்த விசாவில் அச்சாகியிருக்கும் காலாவதித் தேதியைப் பார்த்துப் பலர் பதறுவதுண்டு. அது நாட்டுக்குள் நுழையக் கடைசித் தேதி மட்டுமே. 30 நாள் கணக்கு நுழைந்த நாளிலிருந்துதான் ஓடும். பின்னால் இரண்டு நாள் தாமதமானபோது இதைத் தெரிந்து வைத்திருந்தது ஒரு கவலையைக் குறைத்தது.

மருத்துவப் படிவங்களில் கவனிக்க வேண்டியவர் ஒருவர்: முதல் வகை நீரிழிவு உள்ள மாணவி. மருத்துவர் கடிதம் இருந்தது, நேர மாற்றத்துக்கு ஏற்ப ஊசி போடும் அட்டவணையும் இருந்தது. இன்சுலினை எந்தப் பையில் வைக்கிறார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஃபிராங்க்ஃபர்ட், 10ஆம் தேதி

சிகாகோவில் பனி. இறக்கைகளில் படிந்த பனியை நீக்க வரிசையில் நின்று, ஐந்து மணி நேரம் பிந்தி விமானம் கிளம்பியது. ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கியபோது பிற்பகல் 2.10. அந்த நிறுவனத்துக்குச் சென்னைக்கு நாளுக்கு ஒரே விமானம். மறுநாள் விமானத்தில் காலியாக இருந்தவை 8 இடங்கள்.

ஐரோப்பிய நிறுவனத்தின் விமானம் என்பதால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி பொருந்தும். புயல் நிறுவனத்தின் தவறு இல்லை, ஆகவே இழப்பீட்டுத் தொகை கிடையாது. ஆனால் உணவும் விடுதி அறையும் கொடுத்தே ஆக வேண்டும். ஆசிரியர்கள் இதை அறிந்திருந்தார்கள். உணவுக்கும் அறைக்குமான சீட்டுகள் அரை மணியில் கிடைத்தன. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. குழுவில் ஒருவர் அமெரிக்காவில் படிக்கும் தென்கிழக்கு ஆசிய மாணவர். ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குமான பொது விசா) இல்லாமல் அவர் விமான நிலையத்தை விட்டு வெளியே போக முடியாது. மற்ற எல்லோரும் விடுதிக்குப் போக, அவர் இடைவழிப் பகுதியிலேயே மடக்குக் கட்டிலில் இரவைக் கழித்தார். ஓர் ஆசிரியர் உடன் இருந்தார். குழுவுக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

அந்த 8 இடங்களை யாருக்குக் கொடுப்பது? வெளியே போக முடியாத மாணவர், நீரிழிவு உள்ள மாணவி, சளியும் லேசான காய்ச்சலும் இருந்த இருவர், தனியாகப் பயணம் செய்தே பழகாத மூவர், ஓர் ஆசிரியர். நண்பர்களைப் பிரிக்க வேண்டாம் என்ற வாதம் வந்தது, ஆசிரியர்கள் ஏற்கவில்லை.

மீதிப் பத்துப் பேருக்கு நிறுவனம் மூன்று வழிகளைக் காட்டியது.

முதல் வழி தில்லி. 12ஆம் தேதி விடிகாலை 1 மணிக்கு தில்லி, 6.10க்கு உள்நாட்டு விமானம், 9 மணிக்குச் சென்னை. தாளில் இதுதான் வேகமானது. மதுரையிலிருந்து வேண்டாம் என்றார்கள். ஜனவரி விடிகாலையில் தில்லியில் மூடுபனி இறங்கினால் உள்நாட்டு விமானங்கள் மணிக்கணக்கில் நின்றுவிடும். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனையும் சுங்கமும் முடித்து, பெட்டிகளை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். உள்நாட்டுப் பயணம் தனிச் சீட்டாக இருந்தால் பெட்டிக்குப் பெரும்பாலும் 15 கிலோதான். இவர்களிடம் இருந்தவை 23 கிலோ பெட்டிகள்.

இரண்டாவது வழி, அதே நிறுவனத்தின் 13ஆம் தேதி விமானம். பெட்டிகள் கைமாறாது என்பது இதன் பெரிய கவர்ச்சி. சென்னையில் இறங்குவது 14ஆம் தேதி நள்ளிரவு 12.55. ஆனால் 14 போகி. விடியும் முன்பே பழைய பொருள்களை எரிக்கத் தொடங்குவார்கள். பனியும் புகையும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் திருப்பி விடப்பட்ட போகிகள் உண்டு. இரண்டு மூன்று மணி நேரம் பிந்தினால் நேராக அந்தப் புகைக்குள்.

மூன்றாவது, வளைகுடா வழியாக வேறொரு நிறுவனத்தில் 12ஆம் தேதி கிளம்பி 13ஆம் தேதி விடிகாலை 3.55க்குச் சென்னை. பத்து இடமும் ஒரே விமானத்தில். இதைத் தேர்ந்தார்கள். பெட்டிகள் பழைய நிறுவனத்தின் கிடங்கிலிருந்து புதிய நிறுவனத்துக்கு மாறியாக வேண்டும், மாறாமலும் போகலாம் என்று தெரிந்தே எடுத்த முடிவு. இரண்டு நாளுக்கான உடையும் மருந்தும் கைப்பையில் இருக்கட்டும் என்று சொன்னார்கள். பெட்டிகள் ஏற்கெனவே கிடங்கில் இருந்ததால், சொன்னது காலம் கடந்த அறிவுரை.

சென்னை: முதல் குழு, 12ஆம் தேதி

எட்டுப் பேரும் நேரத்துக்கு இறங்கினார்கள். வெளியே வர 1 மணி 25 நிமிடம் ஆனது. ஈ-விசாக்காரர்களுக்குத் தனி வரிசை, கைரேகைப் பதிவு. அப்போது வருகை அட்டை தாளில்தான் இருந்தது (2025 அக்டோபர் முதல் வெளிநாட்டவர் அதை இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும்). இந்தியாவில் தங்கும் முகவரி என்ற இடத்தில் நான்கு பேர் ‘மதுரை, கல்லூரி’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். தொலைபேசி எண் யாரிடமும் இல்லை. எண் கைபேசியில் இருந்தது. கைபேசிக்கு நிலைய வைஃபை வேண்டும், வைஃபைக்கு ஓடிபி வேண்டும், ரோமிங் இல்லாத வெளிநாட்டு எண்ணுக்கு ஓடிபி வராது. வரவேற்க வந்தவர்களோ முனையத்துக்குள் நுழைய முடியாது. கண்ணாடிக்கு வெளியே பெயர்ப் பலகையோடு நின்றார்கள். கடைசியில் ஆசிரியரின் கோப்பில் இருந்த அச்சடித்த அழைப்புக் கடிதம்தான் காப்பாற்றியது.

11 பெட்டிகளில் 9 வந்தன. வராத இரண்டுக்கும் சுங்கப் பகுதியைத் தாண்டும் முன்பே நிறுவன மேசையில் புகார்ப் படிவம் எழுதி எண் வாங்கினார்கள். வெளியே வந்துவிட்டால் மறுபடி உள்ளே போவது பெரும்பாடு. வராத பெட்டிகளில் ஒன்று நீரிழிவு உள்ள மாணவியுடையது.

பல்லாவரம் விடுதியில் படுக்கும்போது மணி 2.50.

நெடுஞ்சாலை

முதலில் பேசி வைத்திருந்த பெரிய பேருந்து 11ஆம் தேதிக்கானது. பொங்கல் நேரத்தில் அதை ஒரு நாள்கூட நிறுத்தி வைக்க முடியவில்லை. கிடைத்தது 12 இருக்கை வேன். ரயிலில் இடம் கேட்பதே வீண். பொங்கல் முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது, தப்பாக எடுக்கப்பட்டது. விடியும் முன் 4 மணிக்குக் கிளம்பினால் நெரிசலுக்கு முன் தாண்டிவிடலாம், ஆனால் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். கிளம்பாமல் சென்னையிலேயே இருந்தால் 13ஆம் தேதி இன்னும் மோசம். நடுவே ஒரு வழியாகக் காலை 10 மணி தீர்மானிக்கப்பட்டது. அது இரண்டு பக்கத்துக் கெடுதலையும் ஒன்றாகக் கொண்டுவந்தது.

பெருங்களத்தூரில் தொடங்கிய நெரிசல் வண்டலூர், கிளாம்பாக்கம், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோயில் என்று விடாமல் நீண்டது. பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டிச் செங்கல்பட்டை அடைய 3 மணி 50 நிமிடம். சாதாரண நாளில் ஒரு மணி நேரத் தூரம். திண்டிவனத்தில் ஒரு மாணவி மயங்கி விழுந்தார். காரணம் வெயில் இல்லை. வழியில் கழிவறை எப்படி இருக்குமோ என்று பயந்து காலையிலிருந்து அவர் தண்ணீரே குடிக்கவில்லை. படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பொட்டலம் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைப் பொடி) கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்ததில் முக்கால் மணியில் தெளிந்தார். வேறு இருவர் வாந்தி எடுத்தார்கள். நீரிழிவு உள்ள மாணவிக்கு இரண்டு மணிக்கொரு முறை சர்க்கரை பார்த்தார்கள். வேன் நகராத நேரத்தில் அவருக்கு பிஸ்கட்டும் வாழைப்பழமும் கையில் இருந்தன.

மதுரை சேர்ந்தபோது இரவு 10.20. மொத்தம் 12 மணி 20 நிமிடம். கடைசி நாலு மணி நேரம் இருட்டில். இதில் மிகப் பெரிய ஆபத்தைப் பிறகுதான் கவனித்தார்கள்: நள்ளிரவில் விமான நிலையத்தில் காத்திருந்த அதே ஓட்டுநர்தான் காலையில் வண்டியை எடுத்தவர். பயணிகளின் தூக்கத்தைக் கணக்குப் போட்டவர்கள் அவருடையதைப் போடவில்லை.

இன்சுலின்

மாணவியின் கைப்பையில் ஐந்து நாளுக்கான இன்சுலின் பேனாக்கள் (பேனா வடிவ ஊசிகள்) இருந்தன. மீதி எல்லாம் வராத பெட்டியில். மதுரை சேர்ந்த இரவில் கையிருப்பு இரண்டு நாளைக்கு. நேர மாற்ற அட்டவணையும் தொடர் பயணத்துக்கு எழுதியது. ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு நாள் தங்கியதும் பயனற்றுப் போயிருந்தது. அங்கிருந்தே தன் மருத்துவமனைக்குப் பேசிப் புதுக் கணக்கு வாங்கியிருந்தார்.

13ஆம் தேதி காலை உள்ளூர் மருத்துவரிடம் காட்டி மருந்துச் சீட்டு வாங்கினார்கள். மருந்துக் கடையில் முதலில் எடுத்துக் கொடுத்தது குப்பி. உடன் போன செவிலியர் அதைத் திருப்பிக் கொடுத்தார். இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அமெரிக்காவில் 100 யூனிட், அவர்களின் ஊசிக் குழாயில் உள்ள கோடுகளும் அதற்கானவை. அந்தக் குழாயில் 20 என்ற கோடு வரை இந்தக் குப்பி மருந்தை எடுத்தால் உடலில் போவது 8 யூனிட் மட்டுமே. மாற்றி, 40 யூனிட் குழாயில் 100 யூனிட் மருந்தை எடுத்தால் இரண்டரை மடங்கு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். இங்கேயும் பேனாவில் வருவது 100 யூனிட்தான். பேனாவில் மாற்றிப் போடும் மருந்துக் குழல்கள் அந்தந்த நிறுவனப் பேனாவில் மட்டுமே பொருந்தும் என்பதால், மருந்து நிரம்பிய, தூக்கி எறியும் பேனாக்களாகவே வாங்கினார்கள்.

பெட்டி 16ஆம் தேதி வந்தது. உள்ளே இருந்த பேனாக்கள் பார்வைக்கு நன்றாகவே இருந்தன. ஆனால் ஜனவரிக் குளிரில் அவை எங்கெங்கே கிடந்தன என்று யாருக்கும் தெரியாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் வீரியம் இழக்கும். உருகியபின் கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாமலும் போகலாம். அத்தனையையும் அப்புறப்படுத்தினார்கள்.

இரண்டாம் குழு, 13ஆம் தேதி

முதல் குழு திண்டிவனத்தில் நின்றிருந்தபோதே இரண்டாம் குழுவின் திட்டம் மாற்றப்பட்டது. பத்துப் பேரையும் மதுரைக்குக் கொண்டுவர வேண்டாம், மாமல்லபுரத்தில் நிறுத்துவது என்று முடிவு. எதிர்ப்பு இருந்தது. கிராமத்தில் பொங்கல் பானை பொங்குவதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வருகிறார்கள், 15ஆம் தேதி அவனியாபுரம் ஜல்லிக்கட்டும் போய்விடும் என்றார் பாடத்தை வடிவமைத்த ஆசிரியர். நியாயமான வருத்தம்தான். ஆனால் மாட்டுப் பொங்கல் 16ஆம் தேதி, அதற்குள் வந்துவிடலாம் என்ற பதிலை ஏற்றுக்கொண்டார்.

இந்த முறை வருகை அட்டைக்குத் தேவையான முழு முகவரியும் இரண்டு தொலைபேசி எண்களும் ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே ஒவ்வொருவர் பாஸ்போர்ட்டுக்குள்ளும் தாளாக வைக்கப்பட்டன. குடியேற்றச் சோதனை 50 நிமிடத்தில் முடிந்தது. 18 பெட்டிகளில் வந்தவை 4. புகார் எழுத மேலும் ஒரு மணி நேரம்.

காலை 6.30க்கு வேனில் ஏறி, கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, எட்டு மணிக்கு மாமல்லபுரம். முதல் வேளைக்கு இட்லி, தயிர்சாதம். மூடி உடையாத தண்ணீர்ப் புட்டிகள், ஆளுக்கு நாளொன்றுக்கு குறைந்தது இரண்டு லிட்டர். பகலில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்க விடவில்லை. மாலை வெயிலில் கடற்கரைக் கோயில் வரை நடத்தினார்கள். இரண்டாம் இரவில் எட்டுப் பேர் விடியும்வரை தூங்கினார்கள். போகிப் புகை அங்கே பெரிதாக இல்லை. உடைகளை உள்ளூர்க் கடையில் வாங்கிக்கொண்டார்கள், ரசீதுகளைப் பத்திரப்படுத்தினார்கள்.

பொங்கலன்று காலை 5.45க்குக் கிளம்பினார்கள், இரவு முழுக்கத் தூங்கிய வேறோர் ஓட்டுநருடன். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டில் நெடுஞ்சாலை ஏறினால் பரனூர் சுங்கச்சாவடியைத் தொட வேண்டியதில்லை. எல்லோரும் ஊர் போய்ச் சேர்ந்துவிட்ட காலை, சாலை காலி. இரண்டு மணிக்கொரு முறை நிறுத்தி, எங்கே நிறுத்துவோம் என்பதை முன்கூட்டியே சொல்லி, எல்லோரையும் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். பிற்பகல் 1.30க்கு மதுரை. யாருக்கும் மயக்கமில்லை.

பின்விளைவு

முதல் குழுவுக்கு 13 முழுக்கப் படுக்கையில் போனது. 14ஆம் தேதிதான் கிராமத்துக்குப் போனார்கள், பொங்கலைப் பார்த்தார்கள். இரண்டாம் குழு பொங்கலைத் தவறவிட்டு, மாட்டுப் பொங்கலுக்கு நல்ல உடல்நிலையில் இருந்தது. குடும்பங்கள் அவர்களுக்காக 16ஆம் தேதி இன்னொரு பானை வைத்தன. அதைத் திட்டத்தில் எழுதியிருக்க முடியாது.

பதிவு வேலையில் ஒரு சறுக்கல். வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் அவர்களின் விவரத்தைத் தங்குமிடம் இணையத்தில் (அப்போது சி படிவத்தில்) அளிக்க வேண்டும். கல்லூரி விருந்தினர் இல்லம் 18 பேருக்கும் முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்தது, எல்லோருக்கும் 11ஆம் தேதி வந்ததாக. அனுப்பும் முன் ஒருவர் கவனித்ததால் தப்பியது. மூன்று இடங்களில், மூன்று தேதிகளில் தங்கியவர்களுக்கு ஒரே வருகைத் தேதி போட்டிருந்தால் திரும்பிப் போகும்போது கேள்வி வந்திருக்கும்.

பெட்டிகள் 16, 17 தேதிகளில் வந்து சேர்ந்தன. வாங்கிய பொருள்களுக்கான தொகையைப் பன்னாட்டு விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி கேட்டார்கள். தாமதமான பெட்டிக்கு அது கைக்கு வந்த 21 நாளுக்குள், சேதமானதற்கு 7 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். சக்கரம் உடைந்த இரண்டு பெட்டிகளின் உரிமையாளர்கள் ஏழு நாளைத் தாண்டவிட்டார்கள்.

இனி மாற்றுவது

அடுத்த குழுவுக்கான பயணச்சீட்டு எடுக்கப்படும் முன், வரவேற்கும் கல்லூரி ஒரு பக்க நாள்காட்டி அனுப்பும்: எந்தெந்த நாளில் சாலையும் ரயிலும் அடைபடும், போகி எப்போது, தாமதமானால் எந்த நாள் வரை மதுரைக்கு வரலாம், அதற்குப் பின் எங்கே நிறுத்துவோம். பொங்கல் பாடத்துக்கு வருபவர்கள் பொங்கலுக்கு ஆறு நாள் முன் சென்னையில் இறங்க வேண்டும். நான்கு நாள் போதாது.

ஃபிராங்க்ஃபர்ட் போன்ற இடைநிறுத்தத்தில் குழுவுக்கு நாலு மணி நேரம். ஷெங்கன் விசா தேவைப்படுபவர் யார் என்பது முதல் பட்டியலிலேயே இருக்கும்.

மருந்து: பயண நாள்களைப்போல் இரு மடங்கு கைப்பையில். இன்சுலின் என்றால் மொத்தமும் கைப்பையில்தான், ஒரு பேனாகூடக் கீழே போகும் பெட்டியில் கூடாது. விமானம் ஏறும் முன் ஆசிரியர் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். சொல்லக் கேட்டால் போதாது. இன்சுலின் பயன்படுத்துபவரின் அட்டையில் ‘100 யூனிட் பேனா மட்டும், குப்பி வேண்டாம்’ என்று தமிழில் எழுதியிருக்கும்.

வண்டி ஒப்பந்தத்தில் இரண்டு ஓட்டுநர் பெயர். விமான நிலையத்துக்கு வருபவர் நெடுந்தூரம் ஓட்டக் கூடாது. மாலை 6 மணிக்குள் சேர முடியாது என்று தெரிந்தால் கிளம்புவதில்லை. விழுப்புரத்திலோ திருச்சியிலோ இரவு தங்குவதற்கான பணம் திட்டத்திலேயே ஒதுக்கப்படும். வேனில் 20 பொட்டலம் ஓ.ஆர்.எஸ்., குடிதண்ணீர் 30 லிட்டர், கழிவறைத் தாள், எந்தெந்த நிறுத்தத்தில் நல்ல கழிவறை உண்டு என்ற பட்டியல். அந்தப் பட்டியல் இந்தப் பயணத்துக்குப் பிறகு, மயங்கி விழுந்த மாணவியைக் கேட்டு எழுதப்பட்டது.